மேலே ஃபிளாட் உள்ள கடைக் கட்டடம் வாங்குதல்: சொலிசிட்டர் கட்டணம் 1,250 பவுணா, 3,600 பவுணா?

ஹேய்ஸ் கடைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். மேற்கு லண்டன் ஹேய்ஸ் பகுதியில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக் கட்டடம் ஒன்றில் பலசரக்குக் கடை நடத்தி வருகிறேன். அதே வீதியில் நான்கு கடைகள் தள்ளி ஒரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. கீழே கடை, முன்பு துணிக்கடையாக இருந்து இப்போது பூட்டிக் கிடக்கிறது. மேலே ஒரு ஃபிளாட். அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பின்பக்கத்தில் சிறிய முற்றமும், வானை நிறுத்திச் சாமான் இறக்க வசதியான ஒழுங்கையும் உண்டு. பிரீகோல்ட் (நிலத்துடன் சேர்ந்த முழு) உரிமையுடன் 460,000 பவுணுக்குப் பேசி முடித்திருக்கிறோம். எக்ஸ்சேஞ்ச், அதாவது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது, இன்னும் நடக்கவில்லை. ஆகவே இரு தரப்பாரும் இன்னும் கட்டுப்படவில்லை.

என் குழப்பம் சொலிசிட்டர் (கட்டடம் வாங்கும் சட்ட வேலையைச் செய்யும் வழக்கறிஞர்) கேட்கும் கட்டணத்தைப் பற்றியது. 2015இல் எங்கள் வீட்டு வேலையைச் செய்து தந்த சொலிசிட்டர் 1,250 பவுணும் வற் (மதிப்புக் கூட்டு) வரியும் என்று எழுதித் தந்திருக்கிறார். வணிகக் கட்டட வேலையை மட்டுமே செய்யும் வேறொரு நிறுவனம் 3,600 பவுணும் வற் வரியும் கேட்கிறது. மூன்றாவது இடத்தில் மணிக்கு 275 பவுண் என்றார்கள். மொத்தம் எவ்வளவு வரும் என்று இரண்டு முறை கேட்டும் ஒரு தொகையைச் சொல்லவில்லை. ஒரே கட்டடத்துக்கு ஒருவர் கேட்பதைப்போல் இன்னொருவர் ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்பதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்துடன், வங்கி தன் சொலிசிட்டரின் செலவையும் நானே கட்ட வேண்டும் என்கிறது. என் மனைவியும் பிணை கையெழுத்திட வேண்டுமாம். அதற்கு அவர் தனியாக இன்னொரு சொலிசிட்டரிடம் ஆலோசனை பெற வேண்டுமாம். இவையெல்லாம் வழமைதானா, அல்லது எங்கள் தலையில் கட்டப்படுகின்றனவா? நடுவில் இந்த விற்பனை முறிந்து போனால் எவ்வளவு பணம் கையை விட்டுப் போகும்? இங்கிலாந்தில் கடைக் கட்டடம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கரவெட்டி மகள்:

வணக்கம் அண்ணா. ஒரு சொலிசிட்டர் நிறுவனத்தின் வணிகக் கட்டடப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்கிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதனைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கும்போது வேலையின் அளவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். விற்பவர் நிரப்பும் படிவங்கள், கேள்விகள், வங்கியின் நிபந்தனைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். கடைக் கட்டடத்தில் அப்படியில்லை. குறை இருந்தால் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பு என்பதே இங்குள்ள பழைய சட்டக் கொள்கை. ஆகவே கேட்காத கேள்விக்கு விற்பவர் தானாக வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மிகக் குறைவு. அதற்காகவே சீ.பி.எஸ்.ஈ. 1 என்ற நீண்ட கேள்விக் கொத்து இருக்கிறது. எல்லை, வழியுரிமை, தீப் பாதுகாப்பு, அஸ்பெஸ்டஸ், கட்டட அனுமதி, வற், அயலவர் தகராறு என்று அது பக்கம் பக்கமாகப் போகும். கேள்வியை அனுப்புவது எளிது. வரும் பதில்களில் பாதி 'வாங்குபவரே பரிசோதித்துத் திருப்தி அடைய வேண்டும்' என்றுதான் இருக்கும். அவற்றை ஏற்றுக்கொள்ளாமல் எதை மறுபடி கேட்பது என்று தெரிந்த ஒருவருடைய நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இணையத்தில் விலையை ஒப்பிட முடியாமைக்கும் ஒரு காரணம் உண்டு. சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. என்ற அமைப்பு 2018 டிசம்பர் முதல் சில வகை வேலைகளுக்கான கட்டணங்களை இணையதளத்தில் வெளியிடும்படி விதித்திருக்கிறது. வீடு வாங்குதல் அதற்குள் வருகிறது; வணிக நிலையங்களுக்கான உரிம விண்ணப்பங்கள்கூட வருகின்றன. வணிகக் கட்டடம் வாங்குதல் வரவில்லை. ஆகவே எழுத்தில் கேட்டுப் பெறும் கட்டணக் கடிதம்தான் உங்களுக்கு உள்ள ஒரே அளவுகோல்.

அந்தக் கடிதத்தில் தொகை எழுதியிருக்கும் வரியைவிட, 'இக்கட்டணம் பின்வரும் அனுமானங்களின் பேரில்' என்று தொடங்கும் பகுதியை முதலில் படியுங்கள். 1,250 பவுண் கடிதத்தில் வங்கிக் கடன் ஆவணங்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா? மேல் ஃபிளாட்டின் வாடகை ஒப்பந்தத்தையும் வாடகையாளர் கட்டிய டிப்பொசிட்டையும் பரிசீலிப்பது சேர்ந்திருக்கிறதா? முத்திரைத் தீர்வைப் படிவம், வற் பற்றிய கேள்விகள், கையெழுத்துக்கு முன் உங்களுக்கு எழுதித் தர வேண்டிய உரிமை அறிக்கை ஆகியவை உள்ளடங்குமா? இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூட்டப்பட்டு, இறுதியில் 1,250 என்பது 3,000ஐத் தாண்டிய பில்களை நான் பார்த்திருக்கிறேன். 3,600 கேட்டவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்விப் பட்டியலை அனுப்பி, பதில் வந்த பிறகு ஒப்பிடுங்கள். மணிக்கணக்கில் கேட்பவரிடம் உச்சவரம்பு ஒன்றை எழுத்தில் கேளுங்கள். அதைத் தர மறுத்தால் விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

வங்கியின் சொலிசிட்டர் செலவு வழமையானதே. வீட்டுக் கடனில் ஒரே சொலிசிட்டர் உங்களுக்கும் வங்கிக்குமாகச் செயற்படுவது சாதாரணம். வணிகக் கடனில் வங்கி பெரும்பாலும் தனக்கென ஒருவரை நியமித்து, அவருடைய கட்டணத்தைக் கடன் வாங்குபவரிடம் அறவிடும். விற்பனை முறிந்தாலும் அதைக் கட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் சொலிசிட்டரிடம் அதற்கு உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். வங்கி மேலாளரிடம் இப்போதே அந்தத் தொகைக்கு ஒரு வரம்பு கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிய நிபந்தனையை நீங்கள் சுமையாகப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணா. கணவனின் தொழிலுக்காக மனைவி பிணை நிற்கும்போது வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதை 2001இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, எட்ரிட்ஜ் வழக்கில் விரிவாக வகுத்தது. சொலிசிட்டர் மனைவியை நேரில், கணவன் இல்லாமல் சந்தித்து, எதில் கையெழுத்திடுகிறார், அதனால் வீடு எவ்வாறு பாதிக்கப்படலாம், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பவற்றை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். தொழிலில் நட்டம் வந்து வீடும் போன பிறகுதான் தாம் கையெழுத்திட்டது என்ன என்று அறிந்துகொண்ட பெண்களால் எழுந்த வழக்குகள் அவை. உங்கள் சொலிசிட்டரின் நிறுவனமே இந்த ஆலோசனையைத் தருவதற்குச் சட்டம் முற்றாகத் தடை போடவில்லை. என்றாலும் முரண்பாடு வரக்கூடும் என்பதால் பல நிறுவனங்கள் வெளியே அனுப்பிவிடும். அதற்கு ஆகும் கட்டணத்தை வீணான செலவாக எண்ண வேண்டாம்.

விற்பனை முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். கவுன்சில், நீர் வடிகால், சுற்றாடல் ஆகிய சேர்ச்களுக்கு (பதிவுத் தேடல்களுக்கு) கட்டிய பணம் திரும்பாது. சொலிசிட்டர் கட்டணத்தில் அதுவரை செய்த வேலைக்குரியது போகும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை முன்கூட்டியே படிப்படியாக எழுதி வாங்குங்கள். உரிமைப் பத்திரங்களைப் பார்த்து முடிக்கும்வரை சேர்ச்களுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமை. சில வாரங்கள் தாமதமாகலாம், ஆனால் கெட்ட கட்டடத்துக்குச் சேர்ச் செலவு செய்யாமல் தப்பலாம்.

இன்னொன்று: இப்போதைய கடையின் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) எப்போது முடிகிறது? முடிந்த பிறகும், கடை வாடகையாளரைப் பாதுகாக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடர்ந்து இருக்கிறீர்கள் என்றால், வெளியேறுவதற்குக் குறைந்தது மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். இரண்டு கடைக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டும் நிலை வரக்கூடாது.

லெஸ்டர் முருகேசு:

தங்கை விளக்கமாக எழுதிவிட்டார். பணத்தை மிச்சம்பிடிக்கப் போய் நான் பட்டதையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவக்கூடும்.

2017இல் லெஸ்டரில் ஓர் ஒஃப்-லைசன்ஸ் (மதுபானம் விற்கும்) கடையைக் கட்டடத்துடன் வாங்கினேன். எங்கள் உறவினர்கள் எல்லோருக்கும் வீட்டு வேலை செய்து கொடுத்த சொலிசிட்டர் ஒருவரிடமே, மலிவு என்பதால், அதையும் ஒப்படைத்தேன். அவர் நேர்மையானவர்தான். ஆனால் கடைக் கட்டடத்தை வீட்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். தொண்ணூறு பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்பி, படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்றார். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பதினொரு மணிக்குப் பூட்டுகிறவன் தொண்ணூறு பக்கத்தை எப்போது படிப்பது? கையெழுத்திட்டுவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போனபோது, அந்த வங்கியின் சொலிசிட்டர் இரண்டு விடயங்களைக் கண்டுபிடித்தார். முதலாவது, பல தலைமுறைக்கு முன் அந்த வீதியை விற்றவர்கள் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிவைத்த ஒரு கட்டுப்பாடு: இந்தக் காணியில் மதுபானம் விற்கக்கூடாது. நான் வாங்கியதே ஒஃப்-லைசன்ஸ் கடை! இரண்டாவது, நான் தினமும் சாமான் இறக்கும் பின்முற்றத்தின் ஒரு துண்டு என் உரிமைப் படத்தில் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்தது.

மதுபானக் கட்டுப்பாட்டுக்கு, எவராவது வழக்குத் தொடுத்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதி எடுத்துச் சமாளித்தோம். பல ஆண்டுகளாக அங்கே மது விற்கப்பட்டும் எவரும் ஆட்சேபிக்கவில்லை என்பதால் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இதில் ஓர் எச்சரிக்கை: அந்தக் கட்டுப்பாட்டினால் பயனடையக்கூடிய எவரிடமாவது, நல்ல மனத்துடன்கூட, 'உங்களுக்கு ஆட்சேபனை உண்டா' என்று போய்க் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் காப்புறுதி கிடைக்காது. நான் அயல் கட்டட உரிமையாளரிடம் பேசப் புறப்பட்டவன்; புதிய சொலிசிட்டர் தொலைபேசியில் தடுத்துவிட்டார். பின்முற்றத்துக்கு, முன்பு கடை நடத்திய வயோதிபரைத் தேடிப் பிடித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் எவருடைய அனுமதியும் கேட்காமல் அந்த வழியைப் பயன்படுத்தினோம் என்று சத்தியக் கடதாசி பெற வேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருந்தது என் அதிர்ஷ்டம். இரண்டுக்குமாகச் செலவான தொகை, முதலில் நான் மிச்சம்பிடித்ததைவிடக் கூட.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற காணிப் பதிவகத்தின் அரச இணையதளத்தில் உரிமைப் பதிவுக்கு 7 பவுண், படத்துக்கு 7 பவுண். இரண்டையும் இன்றே எடுத்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். வான் நிற்கும் இடம் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறதா? மேல் ஃபிளாட்டுக்குப் படிக்கட்டு எந்த வழியால் போகிறது? குப்பைத் தொட்டி எங்கே நிற்கிறது? சொலிசிட்டர் உங்கள் கட்டடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. அவருக்குக் கண் நீங்கள்தான்.

ஹேய்ஸ் கடைக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா சொன்னபடி நேற்று இரவே பதிவையும் படத்தையும் எடுத்தேன். முற்றம் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறது, ஒழுங்கை இல்லை. பதிவின் மூன்றாம் பகுதியில் 1908ஆம் ஆண்டு உறுதி ஒன்றைச் சுட்டி, மதுச்சாலை நடத்தவோ போதை தரும் பானங்களை விற்கவோ கூடாது என்று எழுதியிருக்கிறது. பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. என் இப்போதைய கடையில் வருமானத்தின் பெரும்பகுதி பியரும் வைனும்தான். புதிய இடத்திலும் அதையே நம்பியிருக்கிறேன். அண்ணாவைப்போல் காப்புறுதி எடுத்துவிட முடியுமா?

மேலும், விற்பனை முகவரின் விளம்பரத்தில் விலைக்கு அருகே 'வற் பொருந்துமாயின் மேலதிகம்' என்று சிறிய எழுத்தில் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். கேட்டால், சொலிசிட்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்.

கரவெட்டி மகள்:

அண்ணா, உங்கள் நிலை லெஸ்டர் அண்ணாவுடையதிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. அவருடைய கடையில் பல ஆண்டுகளாக மது விற்கப்பட்டு வந்தது. கட்டுப்பாடு மீறப்பட்டும் எவரும் பேசவில்லை என்பதே காப்புறுதி நிறுவனத்துக்குத் தைரியம் கொடுத்தது. உங்களுடையது துணிக்கடையாக இருந்த கட்டடம். இனிமேல்தான் மீறப் போகிறீர்கள். அதற்கும் காப்புறுதி கிடைப்பதுண்டு, ஆனால் நிறுவனம் அதிகம் யோசிக்கும், கட்டுப்பணமும் கூடும், சில வேளை மறுக்கும். மது விற்பதற்கான உரிம விண்ணப்பத்தின் அறிவித்தலைக் கடைவாசலில் 28 நாட்கள் ஒட்டிவைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தாள் எல்லோர் கண்ணிலும் படும். எனவே காப்புறுதி நிறுவனத்தின் பதில் வரும்வரை விண்ணப்பத்தையும் அனுப்பாதீர்கள், அக்கம்பக்கத்திலும் பேசாதீர்கள்.

காப்புறுதி கிடைக்காவிட்டால், அந்தக் கட்டுப்பாட்டினால் இன்றும் பயனடைகிறவர் எவராவது உண்டா என்று ஆராய வேண்டும். நூற்றாண்டுக்கு முந்திய கட்டுப்பாடுகள் பலவற்றில் அதை நிறுவுவதே கடினம். 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் காணி நியாயமன்றத்தில் நீக்கக் கோரவும் வழியுண்டு. மாதக் கணக்கில் இழுபடும், செலவும் அதிகம். இதற்கெல்லாம் விடை தெரியும் முன் எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டாம். செய்யும்போது பத்து வீத முற்பணம் கட்ட வேண்டும், அதற்குப் பின் அதை இழக்காமல் விலக முடியாது. ஒழுங்கை யாருடையது என்பதையும் தனியாகத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு செய்யப்படாத காணியாகவும் இருக்கலாம்.

முதலில் கேட்ட கேள்விக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. இந்த இரண்டு விடயத்தையும் இரண்டு சொலிசிட்டரிடமும் சொல்லி, எப்படிக் கையாளுவீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுதும் விதத்திலேயே யார் இந்த வேலையைச் செய்து பழகியவர் என்று தெரிந்துவிடும்.

கணக்காளர் குமரவேல்:

வற் பற்றிய பகுதியை நான் எழுதுகிறேன். முகவர் சிறிய எழுத்தில் போட்ட அந்த வரி, நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்டணங்களின் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

பழைய வணிகக் கட்டடத்தின் விற்பனைக்குச் சாதாரணமாக வற் கிடையாது. ஆனால் உரிமையாளர் விரும்பினால், அந்தக் கட்டடத்துக்கு வற் அறவிடுவதாகத் தெரிவு செய்து வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கு அறிவிக்கலாம். ஒப்ஷன் டு டக்ஸ் என்று இதைச் சொல்வார்கள். செய்திருந்தால் கடைப் பகுதியின் விலைக்கு 20 வீதம் கட்ட வேண்டும்; மக்கள் வசிக்கும் ஃபிளாட்டுக்கு இந்தத் தெரிவு செல்லாது. உதாரணமாக, 460,000இல் கடைக்கு 260,000, ஃபிளாட்டுக்கு 200,000 என்று நியாயமாகப் பிரித்தால், வற் 52,000 பவுண்.

பலசரக்குக் கடையில் சில பொருளுக்கு 20 வீதம், சிலவற்றுக்குப் பூச்சிய வீதம். இரண்டுமே வற் முறைக்குள் வருபவை. ஆகவே நீங்கள் வற் பதிவு செய்தவராயின், பொதுவாக அந்த 52,000ஐ அடுத்த வற் கணக்கில் மீளப் பெறலாம். ஆனால் கம்ப்ளீஷன் நாளில், அதாவது மீதிப் பணம் கட்டிக் கட்டடம் கைமாறும் நாளில், அது உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் கட்டடத்தின் விலைக்குத்தான் கடன் தரும்.

மீளக் கிடைக்காதது முத்திரைத் தீர்வையின் மேலதிகம். கடையும் வீடும் கலந்த கட்டடத்துக்கு இங்கிலாந்தில் வணிக வீதமே பொருந்தும்: முதல் 150,000க்கு எதுவுமில்லை, அடுத்த 100,000க்கு 2 வீதம், 250,000க்கு மேல் 5 வீதம். 460,000க்கு 12,500 பவுண் வரும். இரண்டாவது வீடு வாங்குபவர்கள் கட்டும் மேலதிக வீதம் இங்கே இல்லை; அது உங்களுக்கு நன்மை. ஆனால் தீர்வை வற் உட்பட்ட தொகைக்குக் கணக்கிடப்படும். 512,000க்கு 15,100 பவுண். அந்த 2,600 பவுணை எவரும் திருப்பித் தர மாட்டார்கள். கம்ப்ளீஷன் நடந்து 14 நாட்களுக்குள் படிவமும் பணமும் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை: யாருடைய பெயரில் வாங்குகிறீர்கள்? பலர் கட்டடத்தைத் தம் சொந்தப் பெயரில் வாங்கி, கடையைத் தம் கம்பனியின் பெயரில் நடத்துகிறார்கள். அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அப்போது நீங்கள் உங்கள் கம்பனிக்குக் கட்டடத்தை வாடகைக்கு விடுகிறவர் ஆகிறீர்கள். வற் மீளப் பெற வேண்டுமாயின் நீங்களும் பதிவு செய்து, வற் தெரிவு செய்து, கம்பனிக்கு வற் சேர்த்து வாடகைப் பில் கொடுக்க வேண்டும். மேலும் வாடகைக்கு விடும் வணிகக் கட்டடத்தின் எரிசக்திச் சான்றிதழ் ஈ (E) தரத்துக்குக் குறையக்கூடாது. 2023 ஏப்ரல் முதல் ஏற்கெனவே விடப்பட்டிருக்கும் கட்டடங்களுக்கும் இது பொருந்துகிறது, தண்டம் 150,000 பவுண் வரை போகலாம். பூட்டிக் கிடக்கும் பழைய துணிக்கடையின் தரம் என்ன என்பதை அரச இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இந்த முடிவை எடுத்த பிறகுதான் சொலிசிட்டருக்கு வேலையைக் கொடுக்க வேண்டும். நடுவில் பெயர் மாற்றினால் வங்கி ஆவணங்கள் எல்லாம் மறுபடி எழுதப்பட்டு, அதற்கும் பில் வரும்.

வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் இந்த முத்திரைத் தீர்வைக்குப் பதிலாக வேறு வரிகள் உண்டு. அங்கே வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி, எல்லோரும் கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் பணத்தைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் 2021இல் கடை வாங்கியபோது ஏழு வாரம் நின்றுபோனது கட்டடத்தாலன்று, எங்கள் முற்பணத்தால். பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொலிசிட்டர் விசாரித்தே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டுப் பணச் சலவைத் தடுப்பு விதிகள் (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பவை) அப்படி. அவர் எங்களைச் சந்தேகிக்கிறார் என்று முதலில் என் கணவர் கோபப்பட்டார். கோபப்பட்டுப் பயனில்லை.

எங்கள் முற்பணத்தில் ஒரு பகுதி சீட்டு எடுத்த காசு, ஒரு பகுதி என் அண்ணா கனடாவிலிருந்து அனுப்பியது, ஒரு பகுதி ஊரில் காணி விற்ற பணம். மூன்றும் நேர்மையான பணம். ஆனால் சீட்டு என்றால் என்ன என்பதை அந்தச் சொலிசிட்டருக்கு விளக்கவே மூன்று கடிதம் எழுதினோம். மாதாமாதம் கட்டியதற்கு வங்கிப் பதிவு இருந்த பகுதியை ஏற்றுக்கொண்டார். கையில் காசாகக் கொடுத்து வாங்கியதை ஏற்கவில்லை. அந்தத் தொகையை விலக்கிவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டியதாயிற்று. அண்ணாவிடமிருந்து அது அன்பளிப்பு, கட்டடத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்ற கடிதமும், அவருடைய வங்கிக் கணக்கின் பிரதியும் கேட்டார்கள். ஊர்க் காணியின் விற்பனை உறுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். இந்த விசாரணைக்கென்று தனியாகக் கட்டணம் போடும் நிறுவனங்களும் உண்டு. பணம் வரும் இடங்கள் கூடினால் கட்டணமும் கூடும். ஆகவே கட்டணக் கடிதம் கேட்கும்போதே உங்கள் முற்பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பணம் அனுப்பும் நாள் வரும்போது, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சொலிசிட்டரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். அப்படி அனுப்பி மொத்தப் பணத்தையும் கொண்டுபோகும் கூட்டங்கள் இருக்கின்றன. முதல் நாள் நேரில் வாங்கிய கணக்கு இலக்கத்தை, முதல் நாள் வாங்கிய தொலைபேசி எண்ணிலேயே அழைத்து, ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிச் சரிபாருங்கள்.

ஹேய்ஸ் கடைக்காரர்:

உங்கள் எல்லோருடைய அக்கறைக்கும் நன்றி. ஒரு வாரத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள வேறு எவருக்காவது பயன்படலாம்.

ஒரே கேள்விப் பட்டியலை இரு சொலிசிட்டருக்கும் அனுப்பினேன். வீட்டு வேலை செய்து தந்தவர் தொலைபேசியில் அழைத்து, வற் தெரிவும் 1908 கட்டுப்பாடும் இருக்குமானால் இது தன் வழமையான வேலையன்று என்று தாமாகவே சொல்லி விலகிக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் நன்றியுடையவன். 3,600 கேட்ட நிறுவனம் கட்டணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் வங்கி ஆவணங்கள், ஃபிளாட் வாடகை ஒப்பந்தம், தீர்வைப் படிவம், உரிமை அறிக்கை எல்லாம் அதற்குள் அடக்கம் என்று எழுதித் தந்தது. உரிமைப் பத்திரங்களைப் பார்த்து முடித்த கட்டத்தில் விற்பனை முறிந்தால் 1,400 பவுணுடன் நிறுத்திக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டது. மதுக் கட்டுப்பாட்டுக்குக் காப்புறுதி நிறுவனத்தின் பதில் வரும்வரை சேர்ச்கள் எதற்கும் பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

விற்பவர் 2009இல் வற் தெரிவு செய்திருக்கிறார் என்பது உறுதியாகிவிட்டது. கம்பனியின் பெயரிலேயே வாங்குவது என்று கணக்காளருடன் பேசி முடிவெடுத்தேன். 52,000 பவுணுக்கு மூன்று மாதத் தவணையில் தனிக் கடன் தர முடியுமா என்று வங்கியிடம் கேட்டிருக்கிறேன். மனைவி வரும் செவ்வாய்க்கிழமை தனியாக ஒரு சொலிசிட்டரைச் சந்திக்கிறார். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை அவரே தேடிக்கொண்டார்.

அக்கா சொன்ன சீட்டு விடயம் எனக்கும் இருக்கிறது. நான்கு ஆண்டுச் சீட்டுக் கொப்பியை இன்றிரவு கடை பூட்டிய பின் தேடி எடுத்து, வங்கிப் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.